பதில் சொல்லாத டீச்சர்

எங்கள் அங்கன்வாடிக்கு வந்த முதல் நாளே அவர் நாற்காலியைத் தூக்கிச் சுவர் ஓரமாகப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இருந்த நான்கு வருஷமும் அது அங்கேயேதான் கிடந்தது. சூப்பர்வைசர் மேடம் வந்தால் அதில் உட்காருவார். மற்ற நாட்களில் நான் முட்டை அட்டையை அதன் மேல் வைப்பேன். டீச்சர் உட்கார்ந்ததெல்லாம் தரையில், பிள்ளைகளின் முகத்துக்கு நேராக. சாயங்காலம் கிளம்பும்போது சேலையின் பின்பக்கம் முழுக்கச் சிமெண்டுத் தூசி ஒட்டியிருக்கும். நான் தட்டிவிடுவேன். "விடுங்கக்கா, பஸ்ல எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க" என்பார்.

அங்கன்வாடி பரவை என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் அங்கே உதவியாளர். சமைப்பது, கூட்டுவது, பிள்ளைகளைக் கழுவிவிடுவது என் வேலை. பிள்ளைகள் ஆயா என்பார்கள். டீச்சர் என்னை அக்கா என்பார். அவருக்கு இருபத்தாறு வயது, எனக்கு அப்போது முப்பத்தொன்பது. நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் எல்லாவற்றையும் கேட்பேன்.

அவரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி ஒரு முறை தாய்மார்கள் மனு எழுதினார்கள். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது.

அவரால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. தெரியாமல் இல்லை. எல்லாம் தெரியும். டீச்சர் டிரெயினிங் முடித்தவர், பை நிறையப் புத்தகம் வைத்திருப்பார். யாராவது எதையாவது கேட்டால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பார். பிள்ளைகளிடம் கேட்டால் பரவாயில்லை. என்னிடமும் அதே கதைதான்.

"டீச்சர், வானம் மூடிக்கிட்டு வருதே, மழ வருமா? வீட்டுல மொளகா காயப் போட்டிருக்கேன்."

"நீங்க என்னக்கா நெனைக்கிறீங்க?"

"நான் நெனச்சா மழ நிக்குமா டீச்சர்?"

அவர் சிரித்தார். அன்றைக்கு ஒரு கிலோ மிளகாய் நனைந்தது.

பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்தமாட்டார். அதுதான் எனக்கு முதலில் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு நூல் மில் இருக்கிறது. நாலு மணிக்கு அங்கே சங்கு ஊதும். சங்கு ஊதியதும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவோம். ஒரு நாள் ஒரு பையன், "சங்கு ஊதுறதுனாலதான் டீச்சர் சாயங்காலம் வருது" என்றான். மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்றன. சங்கு ஊதாவிட்டால் பகல் அப்படியே நிற்கும் என்றும் முடிவு செய்தார்கள். டீச்சர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணச் செய்தி கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

"சூரியன் மேக்கால போறதுனாலன்னு சொல்லலாம்ல டீச்சர்?" என்றேன்.

"சொன்னா அதையும் சொல்லுவான்க்கா. ஆனா நம்ப மாட்டான்."

ரொம்ப நாள் கழித்து அந்தச் சங்கு பழுதாகி இரண்டு நாள் ஊதவில்லை. டீச்சருக்கு ஏக சந்தோஷம். பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்தார். நிழல் நீண்டது, மாடு வீட்டுக்குத் திரும்பியது, சாயங்காலம் தானாக வந்தது. "சங்கு ஊதலையே, அப்புறம் எப்படிச் சாயங்காலம் வந்துச்சு?" என்று கேட்டார். நான்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன், மாட்டிக்கொண்டான் என்று.

அந்தப் பையன் கொஞ்சம் யோசித்தான். "ஊதிருச்சு டீச்சர். மெதுவா ஊதிருச்சு. நமக்குத்தான் கேக்கல."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை இருந்தது. அடுப்படிக்கு வந்து என்னிடம் சொன்னார்: "அவன் மனசுல அவனே ஒரு கணக்குக் கட்டி வச்சிருக்கான்க்கா. எம்புட்டு கஷ்டப்பட்டுக் கட்டியிருப்பான். ஒரு நாள் சங்கு ஊதலைன்னு அத விட்டுருவானா? இன்னும் பத்து தடவ முட்டுனாத்தான் அதுவா ஒடையும். நம்ம ஒடச்சா பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும், கணக்கு அப்படியே உள்ள கெடக்கும்."

தப்பாகச் சொல்லும் பிள்ளையைப் பற்றி அவர் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் வந்துக்கிட்டிருக்கான்க்கா." வழியில் பஸ்சில் இருக்கிறான், இறங்க வேண்டிய இடம் வந்தால் இறங்கிவிடுவான் என்கிற மாதிரி.

இதனால் என் வேலைதான் கெட்டது. உப்பு தண்ணீரில் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக ஒரு வாரத்து உப்பை வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டார்கள். சாம்பாருக்கு உப்பில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் வாளிக்கு முன்னால் உட்காரவைத்தார். "அக்காகிட்ட சொல்லு, உப்பு என்னாச்சு?" ஒரு பொடிசு விரலை நனைத்து நக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "உப்பு செத்துப்போச்சு ஆயா. ஆவி மட்டும் இருக்கு." அதற்கு மேல் எப்படிக் கோபமாக இருப்பது? அந்த வாளித் தண்ணீரில் கொஞ்சம் மொண்டுதான் அன்றைக்குச் சாம்பாரில் ஊற்றினேன்.

சூப்பர்வைசர் மேடத்திடமும் இதே குணம்தான். எத்தனை பிள்ளைக்கு இருபது வரை தெரியும் என்று மேடம் கேட்டார். "சொல்லத் தெரிஞ்சவங்க பதினாறு பேர் மேடம். எண்ணத் தெரிஞ்சவங்க நாலு பேர்" என்றார் இவர். மேடத்துக்குப் புரியவில்லை. டீச்சர் ஒரு பையனைக் கூப்பிட்டு வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணச் சொன்னார். அவன் வாய் ஓடிய வேகத்துக்கு விரல் ஓடவில்லை. ஏழு செருப்பு பன்னிரண்டு ஆனது. மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டு, "இப்ப ரிஜிஸ்டர்ல நான் எத எழுத?" என்றார். டீச்சர் தலையைச் சாய்க்கும் முன்பே, "என்ன நெனைக்கிறீங்கன்னு மட்டும் கேட்றாதம்மா" என்றார். அன்றைக்கு மேடமும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

இனி டம்ளர் விஷயம்.

எங்களிடம் எல்லாம் குட்டையான, வாய் அகன்ற எவர்சில்வர் டம்ளர். யாரோ கொடுத்தது ஒன்று மட்டும் ஒல்லியாக, நெட்டையாக இருந்தது. சத்துமாவுக் கஞ்சி ஊற்றும்போது அந்த நெட்டை டம்ளருக்கு அடிதடி. அதில்தான் நிறைய இருக்கிறது என்பது பிள்ளைகளின் எண்ணம். எல்லாவற்றிலும் ஒரே கரண்டிதான் ஊற்றுகிறேன், கண் முன்னால்தான் ஊற்றுகிறேன். சண்டை தாங்காமல் அந்த டம்ளரைப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மறுநாளே டீச்சர் தேடி எடுத்துவிட்டார்.

"சண்ட போடுறாகளே டீச்சர்."

"அந்தச் சண்டைதான்க்கா வேணும்."

பிள்ளைகளையே அதிலிருந்து இதில், இதிலிருந்து அதில் ஊற்றச் சொல்வார். ஊற்றுவார்கள், பாதியைத் தரையில் கொட்டுவார்கள். நெட்டையில் ஊற்றினால் "கூடிருச்சு" என்பார்கள், குட்டையில் ஊற்றினால் "கொறஞ்சிருச்சு" என்பார்கள். தரை துடைப்பது நான்.

அந்தக் கூட்டத்தில் என் மகளும் இருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள். வீட்டில் பாப்பா என்றே கூப்பிடுவோம். ஐந்து வயது ஆகப்போகிறது. நான் எச்சில் தட்டு கழுவுகிற இடத்தைப் பார்த்தே வளர்கிறாள், அவளாவது பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம் இருக்கிறது. சேர்க்கும் முன் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்பார்கள். பக்கத்துத் தெரு ஜெசிந்தாவின் மூத்த மகள் அங்கேதான் படித்தாள். இளையவன் எங்கள் அங்கன்வாடியில் இருந்தான்.

"என்ன கேப்பாக?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"எங்க பிள்ளைக்கிட்ட ரெண்டு டம்ளர் வச்சாக மதினி. தண்ணிய ஒசரமான டம்ளர்ல மாத்தி ஊத்தி, எதுல நெறையன்னு கேட்டாக. அவ முழிச்சா. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லணுமாம்."

எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குத் திங்கட்கிழமை. வீட்டுக்குப் போனதும் இரண்டு டம்ளரை எடுத்துவைத்தேன். பாப்பா நெட்டை டம்ளரைக் காட்டினாள். இல்லை, ரெண்டும் ஒண்ணு என்றேன். மறுபடி கேட்டால் மறுபடி நெட்டையையே காட்டினாள். எனக்கு ஆத்திரம் வந்தது. மர ஸ்கேலை எடுத்துக் கையில் ஒன்று போட்டேன். அந்த வாரம் முழுக்க, நான் சோறு வடித்து முடித்ததும் இதுதான் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் டம்ளரைப் பார்க்காமலேயே "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லப் பழகிவிட்டாள். எனக்கு நிம்மதி.

சனிக்கிழமை அங்கன்வாடியில் கஞ்சி ஊற்றும்போது டீச்சர் வழக்கம்போலக் கேட்டார். பாப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அப்படியா! எப்படித் தெரியும்?"

பாப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"சரி, ஒனக்கு எது வேணும்?"

நெட்டையைக் காட்டினாள். ஏன் என்றார் டீச்சர்.

"இதுலதான் நெறைய இருக்கு."

டீச்சர் அதையே அவளுக்குக் கொடுத்தார். பிறகு அடுப்படிக்கு வந்தார். "பாப்பா ரெண்டு பதில் வச்சிருக்காக்கா. ஒண்ணு அவளோடது. இன்னொண்ணு யாரோடதுன்னு தெரியல."

நான் பானையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கும் தெரியல டீச்சர்" என்றேன். அவர் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் டம்ளரை எடுக்கவே இல்லை. நல்ல மனுஷி, சிரித்த முகம். இரண்டு தட்டில் பிஸ்கட் வைத்தார், ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் இரண்டு. "எதுலம்மா நெறைய இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

பிள்ளை சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிஸ்டர் தட்டைப் பக்கத்தில் நகர்த்தினார். பாப்பா இன்னும் சத்தமாக, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். ஒரு முழுப் பென்சிலும் ஒரு துண்டுப் பென்சிலும் காட்டினார். அதற்கும் அதே பதில். கைகள் பின்னால்தான் இருந்தன. திரும்பி வரும்போது என் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டாள்: "நான் சரியாச் சொன்னேன்லம்மா?" ம் என்றேன். ஒட்டிய லிஸ்டில் அவள் பெயர் இல்லை.

அவள் பிறகு அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது பத்தாவது. ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள், நான் ரசத்தைக் கிண்ணத்திலிருந்து சொம்புக்கு மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒசரமாத் தெரியுது, ஆனா ஒல்லியா இருக்குல்ல, அதான். அம்புட்டேதான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டீச்சர் அதற்குள் கல்யாணமாகிப் பேரையூர்ப் பக்கம் மாற்றலில் போயிருந்தார். போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்கக்கா. 'அதான்'ன்னு சொன்னாளா?" என்று மூன்று முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

ஆனால் லிஸ்ட் ஒட்டிய வாரத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஜெசிந்தா வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். பாப்பா சொன்னதைச் சொன்னேன். ஏன் சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை.

"அஞ்சும் ரெண்டும் ஒண்ணா! மூணு வருசமா அங்கதான மதினி கெடக்குது பிள்ள? அந்த டீச்சர் என்னத்தத்தான் சொல்லிக் குடுக்குது? தப்பாச் சொன்னாலும் ம்ம்னு கேட்டுக்கிட்டிருக்காம்ல?"

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நான் வாயைத் திறக்காததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். ஆயாவே ஒத்துக்கொண்டார்கள் என்று தெருவில் பேச்சானது. நாலு நாளில் பதினொரு தாய்மார் கையெழுத்துப் போட்டு, டீச்சரை மாற்றாவிட்டால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று மனு போய்விட்டது.

சூப்பர்வைசர் மேடம் தாய்மார் கூட்டம் போட்டார். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நாற்காலியில். டீச்சர் வழக்கம்போலத் தரையில். நான் கதவுக்குப் பின்னால்.

மேடம் மனுவை வாசித்துவிட்டு, "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று டீச்சரைக் கேட்டார்.

"பிள்ள அப்படிச் சொல்லியிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் மேடம். அவளுக்குத் தெரியாம இல்ல."

"என்ன காரணம்?"

டீச்சர் பதில் சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எல்லோரும் திரும்பியிருப்பார்கள். அதற்காகத்தான் திரும்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"காரணம் சொல்ல மாட்டேங்கிறீங்க. அப்ப நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்றார் மேடம்.

கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். "மேடம், நான்தான்."

"என்னம்மா?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். டம்ளர் வைப்பாகன்னு சொன்னாக... ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுன்னு சொன்னேன். அவுக டம்ளர் வைக்கல மேடம். பிஸ்கட் வச்சுட்டாக. பிள்ள நான் சொன்னதையே சொல்லிருச்சு."

பாயிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெசிந்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தி, டம்ளருன்னு ஒனக்குச் சொன்னதே நாந்தான மதினி! இத அன்னைக்கே சொல்லி அழுதிருந்தா என்ன? மேடம், அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடுங்க." அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேடம் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது மேலே போகவில்லை. ஆனாலும் இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்தத்தான் செய்தார்கள். ஏபிசிடி சொல்லித்தராத இடம் எதற்கு என்றார்கள். அவர்களை டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் பஸ் நிறுத்தம் வரை அவரோடு நடந்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதைவிடப் பெரியது ஒன்று நெஞ்சில் இருந்தது. கூட்டத்தில் நான் முழுசும் சொல்லவில்லை.

"இன்னொண்ணு இருக்கு டீச்சர்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

"பஸ்சு போயிருச்சே டீச்சர்."

"அடுத்தது வரும்க்கா."

பிள்ளைகளின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அதே முகம். அவசரம் இல்லை, நான் சொல்வதற்குள் அவராக எடுத்துக்கொடுக்கவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஸ்கேலால அடிச்சுத்தான் சொல்ல வச்சேன்" என்றேன்.

பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"பாப்பாகிட்ட இதப் பேசினீங்களாக்கா?"

"பிள்ளைகிட்ட என்னத்த டீச்சர் பேச?"

அடுத்த பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் பாப்பா வாசலில் உட்கார்ந்து, அறுந்த செருப்பு வாரைத் துளையில் திணித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. பிறகு அவள் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அன்னைக்கி அம்மா ஒன்ன அடிச்சது தப்புத்தான்."

அவள் வாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எந்த அன்னைக்கிம்மா?"

திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளாகச் சொன்னேன்.